நகரத்துக்கு அடியில் டீசல் வண்டி

ரயில் ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற என் சித்தப்பா, சென்னை சென்ட்ரலில் இருந்து விமான நிலையம் வரை முதன்முறையாக மெட்ரோவில் போய்வந்த பிறகு, காட்பாடி வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்ட கேள்வி பல மாதங்களாக என்னை விடவில்லை. "இவ்ளோ ஆழத்துல ஒத்தக் கம்பிய நம்பி வண்டி உடறாங்களே, கரண்டு போச்சுன்னா இன்னாடா பண்ணுவாங்க? ஒரு டீசல் வண்டிய உட்டா அது பாட்டுக்குப் போயினே இருக்குமே?" என்றார். காட்பாடி–விழுப்புரம் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜின்களில் கைபழகி, பிறகு அகலப் பாதைக்கு மாறியவர் அவர். கம்பி அறுந்து நடுவழியில் நின்றுபோன மின்சார வண்டிகளை டீசல் இன்ஜின் கொண்டுபோய் இழுத்து வந்த இரவுகள் அவருக்கு உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து வந்து நின்ற வாலாஜா ரோடு எங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதாலோ என்னவோ, ரயிலைப் பற்றிய பேச்சை இந்தப் பகுதியில் யாரும் அவ்வளவு எளிதில் முடித்துக்கொள்வதில்லை.

புகை சூழ்ந்துவிடும் என்றுதான் நானும் முதலில் சொன்னேன். அந்தப் பதிலை அவர் ஏற்கவில்லை. ஏற்காததற்கு நல்ல காரணமும் வைத்திருந்தார். இரத்தினகிரிக்கு அருகே கொங்கண் ரயில்வேயின் கர்புடே சுரங்கம் ஆறரைக் கிலோமீட்டர் நீளம். 1998-இல் அந்தப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டதிலிருந்து 2022-இல் மின்மயமாக்கல் முடியும்வரை, அதன் வழியே டீசல் இன்ஜின்கள்தாம் ஓடின. காஷ்மீரத்தில் பனிஹாலுக்கும் காசிகுண்டுக்கும் இடையே பீர் பஞ்சால் மலையைக் குடைந்து போகும் சுரங்கம் 11 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. 2013-இல் அதற்குள் முதலில் ஓடிய பயணிகள் வண்டியும் டீசல் வண்டியே. அவ்வளவு நீளமான மலைச் சுரங்கத்தில் ஓடிய வண்டி, நிலையத்துக்கு நிலையம் ஒரு கிலோமீட்டர் தூரமே உள்ள நகரச் சுரங்கத்தில் ஏன் ஓடக்கூடாது என்று அவர் கேட்டபோது, புகை என்ற ஒற்றைச் சொல் போதவில்லை.

அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள கேஸ்கேட் சுரங்கத்தைப் பற்றிப் படித்தபோதுதான் விடையின் ஒரு பாதி பிடிபட்டது. சுமார் பன்னிரண்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் 1929-இல் மின்சார வண்டிகளுக்காகவே திறக்கப்பட்டது. 1956-இல் அங்கே மின்சாரத்தைக் கைவிட்டு டீசலுக்கு மாறினார்கள். மாறுவதற்காக ஒரு முனையில் கதவு ஒன்றையும் மிகப்பெரிய விசிறிகளையும் பொருத்தினார்கள். வண்டி உள்ளே இருக்கும்போது விசிறிகள் இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்றை அனுப்பும். வண்டி வெளியேறிய பிறகு கதவை மூடி, உள்ளே தங்கிய புகையை மறுமுனை வழியாகத் தள்ளும். இது முடிய அரை மணி நேரம் வரை ஆகலாம், அதுவரை அடுத்த வண்டி வெளியே காத்திருக்க வேண்டும். சரக்கு வண்டிகள் எப்போதோ ஒன்று கடந்துபோகும் மலையில் அந்தக் காத்திருப்பு தாங்கக்கூடியது. சில நிமிடங்களுக்கு ஒன்றாக, இரு திசைகளிலும் காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை வண்டிகள் ஓடும் நகரத்தில், ஒரு வண்டியின் புகை வெளியேறும் முன்பே அடுத்தது வந்து நிற்கும்.

மற்றொரு பாதி, சுரங்கத்துக்குள் யார் நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது. மலைச் சுரங்கத்தில் நடைமேடை கிடையாது, பயணச்சீட்டு கொடுப்பவர் கிடையாது, கடை கிடையாது. கதவைத் திறந்து மூடும் நேரத்துக்குக்கூட வண்டி அங்கே நிற்பதில்லை. பயணி உள்ளே இருப்பது சில நிமிடங்கள்; சன்னலை இறக்கிவிட்டால் அதுவும் கடந்துவிடும். நகரச் சுரங்கமோ மனிதர்கள் நாள் முழுக்க வேலை செய்யும் இடம். நிலையக் கட்டுப்பாட்டாளர், பாதுகாவலர், கூட்டிப் பெருக்கும் அம்மா, டீக்கடைப் பையன் என்று எட்டு மணி நேரம் அதே காற்றை மூச்சாக இழுப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

டீசல் அந்தக் காற்றை என்ன செய்கிறது என்று காகிதத்தில் கணக்குப் போட்டுச் சித்தப்பாவிடம் காட்டினேன். ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கிலோ காற்று வேண்டும். அது குறைந்தது 10 கன மீட்டர், அதாவது ஒரு சிறிய குளியலறை நிறையக் காற்று. டீசல் இன்ஜின் எப்போதும் தேவைக்கு மேலாகக் காற்றை இழுத்தே ஓடுவதால், உண்மையில் அது இழுப்பது இன்னும் அதிகம். அதற்கு ஈடாக வெளியே வருவது சுமார் 2.7 கிலோ கரியமில வாயு, நுரையீரலை எரிக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள், கண்ணுக்குத் தெரியாத கரித்துகள்கள், இவற்றோடு எரிபொருளின் சூடு முழுவதும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என உறுதியானவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. இது போதாதென்று, ஒரு பெரிய டீசல் இன்ஜினின் தொட்டி 5,000 லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளும். அத்தனை எரிபொருளைச் சுமந்துகொண்டு ஒரு வண்டி ஆயிரக்கணக்கானோர் நிற்கும் நடைமேடைக்கு அடியாழத்தில் வந்து நிற்பதை எந்தத் தீயணைப்பு அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க அயல்நாட்டு உதாரணமே தேவையில்லை. 2012-இன் மின்வெட்டுக் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள சந்துகளில், லாட்ஜுக்கு ஒன்று, மருந்துக் கடைக்கு ஒன்று, ஓட்டலுக்கு ஒன்று என ஜெனரேட்டர்கள் ஒரே நேரத்தில் உறுமியதை நாம் எல்லோரும் கடந்து வந்திருக்கிறோம். வானம் திறந்திருந்த சந்திலேயே, வெளியூரிலிருந்து வந்த நோயாளிகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடந்தார்கள். அந்தச் சந்துக்கு மேலே ஒரு கூரையைப் போட்டு மூடினால் எப்படி இருக்குமோ, டீசல் வண்டி ஓடும் நகரச் சுரங்கம் அப்படி இருக்கும்.

சித்தப்பாவின் மூலக் கேள்விக்கும் பதில் உண்டு. மெட்ரோ ஒரே மின் இணைப்பை நம்பி ஓடுவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட துணைமின் நிலையங்களிலிருந்து மின்சாரம் வருகிறது, ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும். அதுவும் இல்லாவிட்டால், வண்டியிலுள்ள பேட்டரி சிறிது நேரத்துக்கு விளக்கையும் காற்றோட்டத்தையும் காப்பாற்றும். பயணிகளை இறக்கிப் பக்க நடைபாதை வழியாக அடுத்த நிலையத்துக்கு நடத்திச் செல்லலாம். அவர் இதைக் கேட்டுக்கொண்டார். ஆனாலும் அவர் முகத்தில் முழுத் திருப்தி தெரியவில்லை.

புகையில் தொடங்கியவர்கள்

இந்தக் கேள்வி புதியதன்று. உலகின் முதல் சுரங்க ரயிலே நீராவியில்தான் ஓடியது. 1863 ஜனவரி 10-ஆம் நாள் இலண்டனில் பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே மெட்ரோபாலிடன் ரயில்வே திறக்கப்பட்டபோது, முதல் நாளிலேயே சுமார் 38,000 பேர் அதில் பயணம் செய்தார்கள். புகையைக் குறைக்க நிலக்கரிக்குப் பதிலாகக் கோக் எனப்படும் கல்கரியை எரித்தார்கள், நீராவியை வெளியே விடாமல் தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பிக் குளிரவைத்தார்கள், ஆங்காங்கே தரைக்கு மேல் திறப்புகள் விட்டார்கள். 1868-இல் நீட்டிக்கப்பட்ட பாதையில் விட்ட அத்தகைய திறப்பு ஒன்று இன்றும் இருக்கிறது. பேஸ்வாட்டரில் லின்ஸ்டர் கார்டன்ஸ் தெருவில் 23, 24 ஆகிய எண்களுள்ள வீடுகளுக்கு முன்சுவர் மட்டுமே உண்டு. வரிசையின் அழகு கெடக்கூடாது என்பதற்காகக் கதவும் சன்னலும் வைத்து எழுப்பிய அந்தச் சுவருக்குப் பின்னால் வீடு கிடையாது. இன்ஜின்கள் அடக்கிவைத்த ஆவியையும் புகையையும் வெளியே விடுவதற்கான திறந்த பள்ளமே இருந்தது. தெருவில் குடியிருந்தவர்களின் கண்ணுக்கு மறைப்பு கட்டுவதில் காட்டிய அக்கறை, கீழே இன்ஜினில் நின்று நாளெல்லாம் கரி அள்ளிப் போட்டவர்களின் மூச்சுக்குக் கிடைக்கவில்லை என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. அந்தப் பாதை நீண்டு உருவான இலண்டனின் வட்டப் பாதை மின்மயமாக 1905 வரை ஆயிற்று. லிவர்பூலில் ஆற்றுக்கு அடியே 1886-இல் நீராவியில் தொடங்கிய மெர்சி ரயில்வே, புகைக்கு அஞ்சிய பயணிகள் படகுக்கே திரும்பிவிட, 1903-இல் மின்சாரத்துக்கு மாறியது.

நியூயார்க்கில் பாடம் இன்னும் கொடியதாக வந்தது. 1902 ஜனவரி 8-ஆம் நாள் பார்க் அவென்யூ சுரங்கத்தில் புகையும் ஆவியும் மூடியிருந்த நேரத்தில், சமிக்ஞையைத் தாண்டி வந்த வண்டி முன்னே நின்றிருந்த வண்டியில் மோதி 15 பேர் இறந்தார்கள். 1908-க்குப் பிறகு மன்ஹாட்டனுக்குள் நீராவி இன்ஜின் வரக்கூடாது என்று சட்டம் வந்தது அதன் விளைவாகத்தான். பின்னாளில் நீராவி போய் டீசல் வந்தபோதும் தடையின் காரணம் மாறவில்லை. எனவே 1950-களின் பிற்பகுதியில், வெளியே டீசலிலும் சுரங்கத்துக்குள் தண்டவாளத்தின் அருகே ஓடும் மூன்றாவது மின்பட்டையிலிருந்து மின்சாரம் எடுத்தும் ஓடக்கூடிய இரட்டை முறை இன்ஜின்களைக் கொண்டுவந்தார்கள். மின்மயமாகாத பாதைகளிலிருந்து நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு நேராக வரும் வண்டிகளை இன்றும் அந்த வகை இன்ஜின்களே இழுக்கின்றன. சித்தப்பா இதை மிகவும் ரசித்தார். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்களின் கதையை அவர் தன் அப்பாவிடம் கேட்டிருக்கிறார் என்பதால், சுரங்க வாயிலில் இன்ஜினை அணைத்துக்கொண்டு நுழையும் வண்டியை அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

எல்லா ஊரும் அப்படிச் செய்துவிடவில்லை. பர்மிங்காமின் நியூ ஸ்ட்ரீட் நிலையத்தை 1960-களில் மேலே கான்கிரீட் தளம் போட்டு மூடிவிட்டு, கீழே டீசல் வண்டிகளைத் தொடர்ந்து விட்டார்கள். நடைமேடையில் இன்ஜினை ஓடவிட்டபடி வண்டிகள் நிற்க, புகை தங்கிப்போவது பெரும் சிக்கலாகிப் பிற்காலத்தில் விசிறிகளை வைக்க வேண்டியதாயிற்று. சிகாகோவின் யூனியன் நிலையத்தில் கட்டடங்களுக்கு அடியிலுள்ள நடைமேடைகளைப் பற்றியும் இதே புகார் நெடுநாள் உண்டு. சுரங்கமாகவே வெட்டாவிட்டாலும், நகரம் வளர வளர ரயிலுக்கு மேலே கூரை வந்துவிடுகிறது.

கரண்டை நிறுத்திய பிறகு

இத்தோடு கேள்வி தீர்ந்தது என்றே நினைத்திருந்தேன். பொங்கலுக்கு என் அக்கா மகன் குடியாத்தத்திலிருந்து காட்பாடிக்கு வந்திருந்தபோது, சித்தப்பா விட்ட இடத்திலிருந்து பேச்சை மறுபடி எடுத்தார். அவன் ஒரு பெருநகரத்தின் சுரங்க ரயிலில் இரவுப் பராமரிப்பு வேலைக்கு ஒப்பந்தத் தொழிலாளியாகப் போகிறான். எந்த நகரம், யாரிடம் வேலை என்பதை அவன் பிழைப்பை முன்னிட்டு எழுதவில்லை. நகரச் சுரங்கத்தில் டீசல் ஓடவே முடியாது என்று நான் விளக்கிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் கேட்டவன், "ஓடுது மாமா. தினமும் ராத்திரி நாங்க அதுலதான் போறோம்" என்றான்.

அதன் பிறகு அவன் சொன்னது எல்லாம் மிக எளிமையான, மறுக்க முடியாத விஷயம். கடைசிப் பயணி வண்டி போனதும், மேலே ஓடும் 25,000 வோல்ட் மின்சாரத்தை நிறுத்தித் தரையிறக்கிய பிறகே ஆட்களை உள்ளே விடுவார்கள். மின்சாரம் இல்லாத பாதையில் மின்சார வண்டி ஓடாது. ஆகவே ஆட்களையும் கருவிகளையும் ஏற்றிச் செல்லும் வேலை வண்டி டீசலில் ஓடுகிறது. "ஆமாண்டா, டவர் வேகன் டீசல்தானே!" என்று சித்தப்பா தொடையில் தட்டிக்கொண்டார். மின்கம்பியைப் பழுதுபார்க்கும் டவர் வேகன் டீசலில் ஓடுவது ரயில்வேயில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கம்பி செத்துக் கிடக்கும்போது போக வேண்டிய வண்டி வேறெப்படி ஓடும்? திறந்த வெளியில் அதில் குறையொன்றும் இல்லை. அதே ஏற்பாட்டைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும்போதுதான் எல்லாம் மாறுகிறது.

"போய் நின்னதும் இன்ஜின ஆஃப் பண்ண முடியாது மாமா. மேல தூக்குற தட்டு அதுல இருந்துதான் ஏறும், லைட்டும் அதுல இருந்துதான். மூணு மணி நேரம் ஓடினே இருக்கும். காலைல மேல வந்து மூக்கச் சிந்துனா கறுப்பா வரும்." தலைவலி எல்லோருக்கும் வரும் என்றும், அதைத் தூக்கமின்மை என்று எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னான். பெரிய சுரங்க விசிறிகள் இருக்கின்றனவே என்று கேட்டேன். சில இரவுகளில் ஓடும், சில இரவுகளில் ஓடாது. ஓடினாலும் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று யாரும் சொல்வதில்லை, வண்டிக்கு முன்னால் நிற்பதா பின்னால் நிற்பதா என்பதை வாசனையை வைத்துத் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

இதைக் கேட்ட பிறகுதான் பகலுக்கும் இரவுக்கும் உள்ள ஒரு வேறுபாடு எனக்கு உறைத்தது. பகலில் சுரங்கக் காற்றை நகர்த்துவதில் ஓடும் வண்டிகளுக்கே பெரும் பங்கு உண்டு. குழாய்க்குள் உந்துதண்டு போவதைப் போல வண்டி தனக்கு முன்னாலுள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு, பின்னால் புதுக் காற்றை இழுத்துக்கொண்டு போகிறது. நடைமேடையில் வண்டி தெரிவதற்கு முன்பே முகத்தில் அடிக்கும் காற்று அதுதான். இரவில் வண்டிகள் நின்றதும் அந்த ஓட்டம் அடங்கிவிடுகிறது. விசிறியும் ஓடாவிட்டால், சுரங்கத்துக்குள் காற்று ஏறக்குறைய அசையாமல் நிற்கும் அந்த மூன்று நான்கு மணி நேரத்துக்குத்தான் டீசல் இன்ஜின் உள்ளே போகிறது. பயணிகளுக்காக நாம் ஒதுக்கிவைத்த புகையை, பயணிகள் வீட்டுக்குப் போன பிறகு, மிகக் குறைந்த கூலிக்கு வருபவர்கள் சுவாசிக்கிறார்கள்.

என் கோபத்துக்கு ஒரு குடும்பக் காரணமும் உண்டு. என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை செய்தவர். வட ஆற்காட்டின் எத்தனையோ கிராமங்களிலிருந்து போனவர்களைப் போல அவரும் பங்காருப்பேட்டையில் வண்டி மாறி மாரிகுப்பம் போய் இறங்கியவர். தரைக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை உடைத்தார். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். தங்கம் எடுக்க வேண்டியிருந்ததால் அந்தச் செலவு யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. பாறைத்தூள் படிந்த நுரையீரலோடு ஊர் திரும்பிய தாத்தா, சிலிகோசிஸ் என்ற பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாமலே இறந்தார். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது சித்தப்பா அதற்காக வருத்தப்படவில்லை. பூமிக்கு அடியில் வேலைக்குப் போகும் பிள்ளையிடம் தாத்தா முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி, வண்டி எதில் ஓடுகிறது என்பதாக இருந்திருக்காது. உள்ளே காற்று எப்படி என்பதாகவே இருந்திருக்கும்.

மாற்று வழி இல்லாத சிக்கலும் அன்று இது. இலண்டன் சுரங்க ரயிலில் மின்சாரத்தை நிறுத்திய பிறகு வேலை வண்டிகளை இழுப்பதற்குப் பேட்டரி இன்ஜின்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே உண்டு. பாதையில் மின்சாரம் இருக்கும்போது அதிலேயே ஓடும். நிறுத்தியதும் பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். நூறாண்டுக்கு முந்தைய கனமான ஈய பேட்டரியை வைத்துக்கொண்டு அவர்கள் செய்ததை, பேட்டரி ஸ்கூட்டர் வேலூர் தெருவெல்லாம் ஓடும் காலத்தில் செய்ய முடியாது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. விலை கூடுதல் என்பது உண்மை. வண்டிகளை ஒரே நாளில் மாற்ற முடியாது என்பதும் உண்மை. அதுவரைக்கும் செய்யக்கூடியவை ஏராளம்: புகைபோக்கியில் கரித்துகள் வடிகட்டி வைக்கலாம், விளக்குக்கும் தூக்கும் தட்டுக்கும் தனி பேட்டரி வைத்து நின்ற இடத்தில் இன்ஜினை அணைக்கலாம், வேலை தொடங்கும் முன்பே விசிறியை ஓடவிட்டுக் காற்றின் திசையை ஆட்களுக்குச் சொல்லிவிடலாம்.

வாயு அளக்கும் கருவி எங்கே என்று அக்கா மகனைக் கேட்டோம். இருக்கிறது, ஸ்டோரில் பூட்டி வைத்திருக்கிறார்கள், சாக்கடைத் தொட்டியில் இறங்கும்போது மட்டும் எடுப்பார்கள் என்றான். சித்தப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. தன் வேலைக் காலம் முழுக்க, இன்ஜினை எடுத்த நேரம், எண்ணெய் அளவு, பிரேக் அழுத்தம் என ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டே வண்டியை நகர்த்தியவர் அவர். அதே போல ஒவ்வோர் இரவும் கார்பன் மோனாக்சைடு அளவையும் நைட்ரஜன் டை ஆக்சைடு அளவையும் எழுதி, அளவு கூடினால் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்று ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். அக்கா மகன் பெயர் அதில் வரக்கூடாது என்று அவன் கேட்டுக்கொண்டதால், அவனை அடையாளம் காட்டக்கூடிய எதையும் சேர்க்காமல், பயணிகள் என்ற முறையில் நாங்கள் இருவரும் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறோம். பதில் வராவிட்டால், இரவு வேலை வண்டிகளின் எண்ணிக்கை, அவை ஓடும் எரிபொருள், சுரங்கக் காற்றை அளந்த பதிவுகள் ஆகிய மூன்றையும் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போடுவதாக இருக்கிறோம். அதன் வாசகத்தையும் சித்தப்பா எழுதி முடித்துவிட்டார்.